இறந்த திகதி: கிளிவெட்டியில் காணி கைமாறும் விதம்

கிளிவெட்டி மூதூர்ப் பிரதேச செயலாளர் பிரிவில், திருகோணமலை – மட்டக்களப்பு வீதியை ஒட்டி, வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர். சுற்றிவரக் குமாரபுரம், மேன்காமம், மல்லிகைத்தீவு, பட்டித்திடல், தோப்பூர். வேளாண்மை செய்து வாழ்கிற ஊரில் சொத்து என்றால் காணிதான்: குடியிருக்கும் வளவு, கொஞ்சம் வயல், சிலருக்கு மேட்டுக்காணி. காணிக்காரர் கண்ணை மூடினால் அது யாருக்கு, எப்படிப் போகிறது? இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் நேரான விடை இருக்கிறது. கிளிவெட்டியில் அந்த விடையை எடுத்து வைத்தால் அது பல இடங்களில் பொருந்தாமல் நிற்கும்.

புத்தக விடையை முதலில் பார்த்துவிடலாம். இலங்கையில் இறந்தவரின் ஆதனத்தை நீதிமன்றம் வழியாக வாரிசுகளுக்கு மாற்றும் நடைமுறை 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் இருக்கிறது. 1993இல் வந்த திருத்தம் அதைப் பெருமளவு மாற்றி எழுதியது. மரணசாதனம் எழுதி வைத்தவர் இறந்தால், அதில் நிறைவேற்றுநராகக் குறிக்கப்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதை மெய்ப்பித்துக்கொள்ள வேண்டும், இதுதான் புரபேட். எழுதாமல் இறந்தால் நெருங்கிய உறவினர் ஒருவர் நிருவாகப் பத்திரம் கேட்பார். இரண்டிலும் இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் பட்டியல், சொத்து விபரம், அவற்றின் பெறுமதி வேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் போகும். ஆட்சேபம் இல்லாவிட்டால் பத்திரம் கையில் வரும். பிறகு கடனை அடைத்து, கணக்கைக் காட்டி, மிஞ்சியதை உரியவர்களுக்கு உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லா மரணத்துக்கும் இது கட்டாயமில்லை. ஆதனத்தின் பெறுமதி சட்டம் குறித்த தொகையைத் தாண்டினால்தான் கட்டாயம்.

மரணசாதனம் எழுதவும் விதி உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அது நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். காணி விற்கிற உறுதிக்கும் நன்கொடை உறுதிக்கும் நொத்தாரிசு கட்டாயம் என்று வைத்ததும் அதே சட்டம்தான். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டாக இலங்கைக் கிராமத்தவருக்கு ‘உறுதி’ மேல் இருக்கிற பக்தி அங்கிருந்து வந்தது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடியில் கிடக்கும் உரோமன்–டச்சு மரபின்படி, மரணசாதனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் அவருடைய காணியில் வாரிசுகளுக்கு உரித்து அந்தக் கணத்திலேயே வந்துவிடுகிறது. நீதிமன்றம் அந்த உரித்தை உண்டாக்குவதில்லை. இவர்கள்தான் வாரிசுகள் என்று ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து ஒழுங்குபடுத்துகிறது. அதனால்தான் சிறிய காணிக்காரர்கள் நீதிமன்றப் படி ஏறாமலே இரண்டு மூன்று தலைமுறை ஓட்டிவிட முடிகிறது. வங்கியில் ஈடு வைக்கப் போகும்போதோ, வெளியூர்க்காரர் விலை பேச வரும்போதோ, வீட்டுத்திட்டத்துக்கு உரித்துக் கேட்கும்போதோதான் “இது இன்னும் அப்பப்பா பெயரில் அல்லவா கிடக்கு” என்று தெரிய வரும்.

கிழக்கின் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைவிடப் பழைய ஒரு வழியும் இருந்தது. சாவு வரும்வரை காத்திராமல் உயிரோடு இருக்கும்போதே கொடுத்து முடிப்பது. மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீடும் வளவும், முடிந்தால் வயலில் ஒரு துண்டும், சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். தாய் தகப்பன் பக்கத்தில் சின்ன வீடு போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது சீவிய உரித்தை வைத்துக்கொண்டு அங்கேயே இருப்பார்கள். மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்தப் பெண்வழி வழக்கத்தை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இந்த ஏற்பாட்டில் தகப்பன் சாகும்போது அவர் பெயரில் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. மரணசாதனமும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். என் கணிப்பில் கிழக்கின் ஊர்களில் மரணசாதன வழக்கு அரிதாக இருந்ததற்கு வறுமையோ அறியாமையோ முதற்காரணமல்ல. அதற்கு வேலையே இல்லாதபடி ஊர் தன் காணியைக் கைமாற்றிக்கொண்டிருந்தது.

போர் இந்த ஒழுங்கின் அடித்தளத்தில் கைவைத்தது. மகள்மார் கல்யாண வயதுக்கு வருமுன்னே தகப்பன்மார் இறந்தார்கள். கொடுக்க வேண்டியவர் கொடுக்குமுன் போய்விட்டார். கிளிவெட்டியை அடுத்த குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11இல் இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். அந்தக் குற்ற வழக்கு இருபது ஆண்டு இழுபட்டு, 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் இராணுவத்தினர் ஆறு பேரின் விடுதலையோடு முடிந்தது. குற்றவியல் நீதிமன்றம் கேட்ட கேள்வி யார் கொன்றது என்பது. காணிச் சட்டம் அதைக் கேட்பதில்லை. அது கேட்பது வேறு: எந்தத் திகதியில் இறந்தார்?

திகதி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்குப் போட்டுத்தான் விளக்க முடியும். திருகோணமலைத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. அது யாழ்ப்பாணப் பிரதேசத்துத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டம். மூதூர்ப் பகுதித் தமிழருக்குப் பொருந்துவது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி எழுதி வைக்காமல் இறந்தவரின் சொத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கு. மற்றப் பாதி ஆண், பெண் பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளை ஒருவர் முன்னமே இறந்திருந்தால் அவருடைய பங்கை அவருடைய பிள்ளைகள் எடுப்பார்கள். அவருடைய மனைவிக்கு அதில் பங்கில்லை.

எட்டு ஏக்கர் உறுதி வயலோடு ஒரு தகப்பனை நினைத்துக்கொள்வோம். மனைவி, நான்கு பிள்ளைகள். மூத்த மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். தகப்பன் 1988இல் நோயில் இறக்கிறார். மகன் 1990இல் போரில் இறக்கிறார். தகப்பன் இறந்ததும் மனைவிக்கு நாலு ஏக்கர், பிள்ளைகளுக்குத் தலா ஒரு ஏக்கர். மகன் இறந்ததும் அவருடைய ஒரு ஏக்கரில் அரை ஏக்கர் அவர் மனைவிக்கு, கால் ஏக்கர் வீதம் இரண்டு குழந்தைகளுக்கு. பிறகு தாயும் இறக்க, அவருடைய நாலு ஏக்கரும் நாலு கிளையாகப் பிரிந்து, உயிரோடிருக்கும் மூவருக்கும் ஒவ்வொன்று, பேரப்பிள்ளைகளுக்கு அரை அரை. முடிவில் மருமகளிடம் அரை ஏக்கர் நிற்கும். பேரப்பிள்ளைகளிடம் முக்கால் முக்கால். மற்ற மூவரிடமும் இரண்டிரண்டு.

இப்போது இரண்டு மரணத்தின் வரிசையை மாற்றிப் பாருங்கள். மகன் 1990இல், தகப்பன் 1991இல். மகன் இறந்தபோது அவருக்கென்று அந்த வயலில் ஒரு அங்குலமும் இல்லை. தகப்பனின் வயலில் மகனுக்கு வர வேண்டிய பங்கு நேரே பேரப்பிள்ளைகளுக்கு இறங்குகிறது; மருமகளுக்கு ஒன்றுமில்லை. குழந்தைகள் இருந்தால் தாய்க்கு ஒரு பிடிமானமாவது உண்டு. குழந்தை இல்லாத இளம் விதவையானால், முதல் வரிசையில் கணவனின் ஒரு ஏக்கரில் பாதிக்கு உரித்தாளி. இரண்டாம் வரிசையில் அந்தக் குடும்பத்தின் காணிக்கு அவள் அந்நியள். சில மாத வித்தியாசம்கூட இதைத் தீர்மானித்துவிடும்.

இறந்தவரின் உடல் கிடைத்து, பதிவாளரும் இருந்து, சான்றிதழும் எழுதப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு வெறும் கணக்குத்தான். 1990 ஜூனில் கிழக்கில் மீண்டும் மூண்ட போரில் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்களுக்கு எந்தத் திகதியை எழுதுவது? சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, சட்டம் குறித்த காலத்துக்கு ஒருவரைப் பற்றி உறவினர் எதுவும் கேள்விப்படாவிட்டால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது. இறந்தார் என்ற ஊகம் கிடைக்கும். எந்த நாளில் இறந்தார் என்பது அதிலிருந்து கிடைக்காது. போர் முடிந்தபின் வந்த 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் ஒரு ஆண்டுக்கு மேலாகக் காணாமற்போனவரின் இறப்பைப் பதிய வழிவிட்டது. பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்த தாய்மாருக்கு அது இறப்புச் சான்றிதழ் எடுங்கள் என்ற நெருக்குதலாகவே பட்டது, பலர் மறுத்தார்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் இடைவழி ஒன்று கொடுத்தது: இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ். அதை வைத்து அவருடைய சொத்தைப் பராமரிக்க நீதிமன்றத்தை நாடலாம். மனைவி விதவையாக எழுதப்படமாட்டாள், காணியும் கைமாறாது. மனிதருக்கு ஏற்ற சட்டம்தான். ஆனால் அவருடைய பங்கும் அதற்குப் பின்னால் நிற்கும் எல்லோருடைய பங்கும் அப்படியே உறைந்து போகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்யாணத்தை நிரூபிப்பது இன்னொரு முடிச்சு. போர்க்காலத்தில் கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டி, பதிவைப் பிறகு பார்ப்போம் என்று விட்டவர்கள் இருந்தார்கள். இலங்கை நீதிமன்றங்கள் வழக்காற்றுத் திருமணத்தை ஏற்கின்றன. கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததிலிருந்தும் திருமணத்தை ஊகிக்கின்றன. பதிவு சிறந்த சான்று, ஒரே சான்று அல்ல. ஆனால் ஊரறிய வாழ்ந்ததைச் சொல்ல ஊர் வேண்டும். ஊரே இரண்டு மூன்று தடவை இடம்பெயர்ந்திருந்தால் சாட்சிகளைத் தேடி முகாம் முகாமாக அலைய வேண்டும்.

உறுதி தொலைந்துபோனவர்களின் நிலை அவ்வளவு மோசமில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நொத்தாரிசு ஒரு உறுதியை மூன்றாக எழுதுகிறார்: மூலம் காணிக்காரருக்கு, ஒன்று அவருடைய பதிவுக்கட்டில், இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு. பதிவகத்தில் ஏட்டின் இலக்கத்தைக் கண்டுபிடித்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். சிக்கல் போகிற வழியில்தான் இருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை கிளிவெட்டியிலிருந்து திருகோணமலை நகருக்குப் போகப் பலர் மூதூர் போய் லாஞ்சியில் கொட்டியாரக் குடாவைக் கடப்பார்கள், இல்லாவிட்டால் கந்தளாயைச் சுற்றுவார்கள். போர்க்காலத்தில் இரண்டும் அன்றைய நிலைமையைப் பொறுத்தே இருந்தன.

இதுவரை சொன்னது உறுதிக் காணிக்கு. கிளிவெட்டியைச் சுற்றி வேறொரு வகைக் காணியும் ஏராளம்: பெர்மிட் காணி. வெருகலாற்று நீரைக் கொண்டு 1950களில் விரிவாக்கப்பட்ட அல்லைத் திட்டம் இந்தப் பகுதியின் வயல்களை மாற்றியது. அரசு குடியேற்றவாசிகளைக் கொண்டுவந்து காணி வழங்கியது. அந்தக் காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. முதலில் அனுமதிப்பத்திரம், பிறகு அளிப்பு. ‘ஸ்வர்ணபூமி’, ‘ஜயபூமி’ என்று அரசுக்கு அரசு பெயர் மாறும். வாரிசுரிமை மட்டும் அந்தச் சட்டத்தின் சொந்த விதிப்படி.

மூதூர்ப் பகுதியில் உறுதிக் காணியில் அயலவர் மூவருக்கு மூன்று சட்டம் பொருந்தலாம். தமிழ்க் குடும்பத்துக்கு நாம் மேலே பார்த்தது. தோப்பூர் முஸ்லிம் குடும்பத்துக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி ஷரீஅத் பங்கு: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகனின் பாதி. சேருநுவரவில் குடியேறிய கண்டிச் சிங்களக் குடும்பத்துக்குக் கண்டியச் சட்டம், அதில் தீக முறையில் மணமாகி வெளியேறிய மகளுக்குத் தகப்பனின் பரவேணிக் (பரம்பரைக்) காணியில் இடமில்லை. பெர்மிட் காணிக்கு வந்தால் இந்த மூன்றும் ஒதுங்கிக்கொள்ளும். அங்கே எல்லோருக்கும் ஒரே விதி: காணியைப் பிரிக்கக் கூடாது, ஒருவரே பின்னுரித்தாளி. காணிக்காரர் இறந்தால் துணைவர் சீவிய காலத்துக்கு அனுபவிக்கலாம்; மறுமணம் செய்தால் அந்த உரித்துப் போய்விடும். அதன்பின், பெயர் குறித்துப் பதிந்து வைத்த பின்னுரித்தாளிக்கு. யாரையும் குறிக்காமல் இறந்திருந்தால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி முதலில் மகன்மார், அவர்களிலும் மூத்தவர். மகன் இல்லாவிட்டால்தான் மகள். வீட்டையும் வளவையும் மகளுக்கு எழுதிப் பழகிய கிழக்கில் இந்த அட்டவணை தலைகீழாக நின்றது. 2022இல் வந்த 11ஆம் இலக்கத் திருத்தம்தான் ஆண் முதல், பெண் பிறகு என்ற வரிசையை நீக்கி, பிள்ளைகளில் மூத்தவர் என்று ஆக்கியது. எண்பத்தேழு ஆண்டு ஆயிற்று.

அதே சட்டத்தில் 68ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணிக்காரர் இறந்து ஆறு மாதத்துக்குள் துணைவரோ பின்னுரித்தாளியோ அந்தக் காணியில் இறங்காவிட்டால் உரித்துத் தவறியதாகக் கொள்ளப்படும். கைவிட்டுப் போகிறவர்களிடமிருந்து காணியை மீட்டு, பயிர் செய்பவர்களிடம் கொடுக்கும் நோக்கத்தில் எழுதப்பட்ட பிரிவு அது. 1935க்கு அது நியாயம்.

அந்த ஆறு மாத விதியைப் போர்க்காலத்தில் வைத்துப் பாருங்கள். 2006 ஏப்ரலில் மூதூர்ப் பகுதியின் சம்பூர்ப் பக்கத்து மக்கள் குண்டுவீச்சில் கிளம்பி வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போனார்கள். 2007இல் திரும்பக் கொண்டுவரப்பட்டபோது அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. கிளிவெட்டியில் இடைத்தங்கல் முகாம் அவர்களுக்காகத் திறந்தது. பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் அப்படியே. தகரக் கூரையின் கீழ் ஆண்டுகள் போயின. காணி பிறகு முதலீட்டுச் சபைத் திட்டத்துக்கு மாற்றப்பட்டது. 2015இல்தான் 818 ஏக்கரை விடுவிக்க அரசு முன்வந்தது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 வரை இழுபட்டது. ஏறத்தாழ பத்து ஆண்டு முகாம் வாழ்க்கையில் வயதானவர்கள் இறந்தார்கள். அவர்களுடைய பின்னுரித்தாளிகள் ஆறு மாதத்துக்குள் காணியில் இறங்க வேண்டும் என்கிறது சட்டம். இறங்கினால் சுடுவோம் என்றது காவலரண். யாராவது ஒரு அதிகாரி 68ஆம் பிரிவை எடுத்துக்காட்டிக் காணியைப் பறித்தார் என்று நான் சொல்லவரவில்லை. அகதி முகாமைக் கனவிலும் நினைக்காத ஒரு சட்டம் இன்னும் அதே சொற்களோடு இருக்கிறது என்பதுதான் என் முறைப்பாடு.

ஆட்சியுரிமைச் சட்டமும் இதே குருட்டுத்தனத்தோடுதான் இருந்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி ஒருவரின் காணியைப் பத்து ஆண்டு எதிருரிமையாக ஆண்டு வந்தவர் உரித்துக் கேட்கலாம். உரித்தாளருக்கு இயலாமை இருந்தால் அந்தக் காலம் ஓடாது: சிறுவர், மனநோயாளி, கடல் கடந்து இருப்பவர். அதாவது உரிமை எழும் வேளையில் கனடாவில் இருந்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. சொந்த வயலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றரில், கிளிவெட்டி முகாமில் அடைபட்டுக் கிடந்தவருக்கு இல்லை; அவர் கடல் கடக்கவில்லையே. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் இதற்குப் பரிகாரம் தேடியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுவின் நடவடிக்கைகளால் தம் உரிமையை நாடமுடியாமற்போனவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. வழக்கு வைக்க இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. அது 2018இல் முடிந்துவிட்டது. அரசே பாதுகாப்பு வலயம் போட்டு வெளியே நிறுத்தியவர், ஆயுதக் குழுவால் தடுக்கப்பட்டவர் என்ற வரையறைக்குள் எப்படி வருவார் என்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

உறவினருக்கிடையே மட்டும் ஒரு பழைய தீர்ப்பு கைகொடுக்கிறது. 1911இல் பிரிவி கவுன்சில் கோரியா எதிர் அப்புஹாமி வழக்கில், கூட்டு உரித்தாளர் ஒருவர் காணியில் இருப்பது மற்றவர்களுக்காகவும் இருப்பதே என்றது. சகோதரன் இறந்தபின் காணியில் தங்கிவிட்ட ஒருவர், சகோதரிகளின் பங்கும் தனக்கே என்று கேட்ட விவகாரம் அது. ஊரில் தங்கி வயலைச் செய்த தம்பி, வெளியே போன அக்காமாரின் பங்கை வெறும் காலத்தைக் காட்டி விழுங்க முடியாது. அவர்களை வெளிப்படையாக விலக்கியதைக் காட்ட வேண்டும். நூறு ஆண்டுக்கு மேலாக இலங்கை நீதிமன்றங்களில் இந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பற்றியும் ஒரு தவறான பயம் பரவியிருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது உண்மை. நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாக வருவதை அது தடுக்கவில்லை. லண்டனில் குடியுரிமை எடுத்த மகள் தகப்பனின் உறுதிக் காணியில் தன் பங்கை இழப்பதில்லை. அற்றோணித் தத்துவம் ஒன்றை அனுப்பி ஊரிலுள்ள தம்பியைக் கொண்டே அலுவலைப் பார்க்கலாம். அந்தத் தம்பி நல்லவராக இருப்பது சட்டத்தின் பொறுப்பில் இல்லை.

2024இல் ரணில் விக்கிரமசிங்க அரசு தொடங்கிய ‘உறுமய’ திட்டம் பெர்மிட், அளிப்புக் காணிகளுக்குப் பூரண உரித்துக் கொடுக்க முன்வந்தது. விற்கலாம், ஈடு வைக்கலாம் என்ற பேச்சே முன்னுக்கு வந்தது. வாரிசுரிமை பற்றிப் பேசியவர் குறைவு. பூரண உரித்து வந்ததும் அந்தக் காணி ஒருவருக்கே போகும் விதியிலிருந்து விடுபட்டு, அவரவர் சட்டத்தின் கீழ் வந்துவிடும். கிளிவெட்டியில் ஒரு தமிழ்த் தாய்க்குச் சீவிய உரித்துக்குப் பதில் பாதிக் காணி சொந்தம். மகள்மாருக்கும் மகன்மாருக்கும் சமபங்கு. கூடவே இரண்டு ஏக்கர் வயல் இரண்டு தலைமுறையில் பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று என்று சிதறி, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்காக நிற்கவும் கூடும். எந்தக் குடும்பம் எதைத் தேர்ந்தாலும், விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்து வைக்குமுன் வீட்டில் இருக்கும் எல்லா இறப்புச் சான்றிதழ்களையும் திகதி வரிசைப்படி மேசையில் அடுக்கிப் பார்ப்பது நல்லது.